உதடு மட்டுமா, அண்ணமுமா?

என் சித்தி மகனை ஊரில் 'மூளி' என்றுதான் கூப்பிடுவார்கள். பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்தது. கிரகணத்தன்று சித்தி அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கியதால் வந்தது என்று ஆயா சொன்னார். ஊரும் அதையே சொன்னது. அவனுக்கு உதடு தைத்து, பேச்சு வந்து, பள்ளிக்கூடம் போய், மீசை முளைத்த பிறகும் அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. சித்தி இன்றைக்கும் கத்தரிக்காய் சமைப்பதில்லை.

விலங்கியல் படித்துவிட்டுச் சென்னைக்கு மெடிக்கல் கோடிங் வேலைக்கு வந்தபோது இதெல்லாம் என் மனதில் இல்லை. அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டை, அதாவது நோயாளியின் மருத்துவக் குறிப்புகளை, இங்கே உட்கார்ந்து படித்து, நோய்க்கு ஐசிடி-10-சிஎம் கோடும், செய்த சிகிச்சைக்கு சிபிடி கோடும் போடுகிற வேலை. அந்தக் கோடை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். பயிற்சியின் ஆறாவது வாரம் பிறவிக் குறைபாடுகள் அத்தியாயம் வந்தது. பயிற்சி கொடுத்த அக்கா பலகையில் ஒரு கோடு இழுத்து வாரங்களைக் குறித்தார். கருவின் உதடு நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் கூடிவிடும், அண்ணம், அதாவது வாயின் மேற்கூரை, ஆறிலிருந்து ஒன்பதுக்குள் என்றார். அன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் சித்திக்கு போன் போட்டேன். "சித்தி, அந்தக் கிரகணம் வந்தப்போ உங்களுக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டேன். "ஏழு. வளைகாப்புக்கு நாள் பாத்துட்டு இருந்தாங்க" என்றார். உதடு கூடாமல் போனது அதற்கு ஐந்து மாதம் முன்னாடியே முடிந்துபோன விஷயம் என்று சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை.

அன்றிலிருந்து இந்த அத்தியாயம் எனக்கு வெறும் எண்ணாக இல்லை. ஒன்பது வருடமாகக் காது மூக்கு தொண்டை, பிளாஸ்டிக் சர்ஜரி சார்ட்டுகள்தான் பார்க்கிறேன். நான் தப்பு செய்து கற்றதை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஐசிடியில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் கியூ35. உதடு மட்டும் என்றால் கியூ36. இரண்டும் சேர்ந்திருந்தால் கியூ37. நாக்கு, வாய், தொண்டையின் மற்ற பிறவிக் கோளாறுகளுக்குக் கியூ38. பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும். நான் மாட்டிக்கொண்டது இந்தச் சுலபத்தில்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். நாலு மாதக் குழந்தை, உதடு தைத்த ஆப் நோட், அதாவது டாக்டர் எழுதிய அறுவைக் குறிப்பு. இடப்பக்க உதட்டுப் பிளவு, ஒரு பக்கம் மட்டும், முதல் முறை அறுவை. சிபிடி 40700, அதில் குழப்பமே இல்லை. நோய்க்கு கியூ36.9 போட்டேன், ஒரு பக்க உதட்டுப் பிளவு. தைத்தது உதட்டைத்தானே என்பது என் கணக்கு. நோட்டின் ஆரம்பத்தில், குழந்தையின் வரலாறு எழுதிய பத்தியில், வன்அண்ணமும் (முன்னால் எலும்புள்ள பகுதி) மென்அண்ணமும் (பின்னால் மென்மையான பகுதி) பிளந்திருப்பதாகவும் அதைப் பிறகு சரிசெய்யப் போவதாகவும் ஒரு வரி இருந்தது. அந்தப் பத்தியை நான் படிக்கவில்லை. டார்கெட் ஓடிக்கொண்டிருந்தது, நேராக அறுவை விவரத்துக்குத் தாவிவிட்டேன். கிளெய்முக்குப் பணம் வந்தது, ஆடிட்டிலும் அது சிக்கவில்லை.

சில மாதம் கழித்து அதே குழந்தையின் சார்ட் எங்கள் டீமுக்கு மறுபடி வந்தது. அண்ண அறுவைக்கு முன் அனுமதி கேட்டபோது, அங்கே அலுவலகத்தில் யாரோ பழைய கிளெய்மில் இருந்த நோய்க் கோடையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். உதட்டுப் பிளவுக்கு எதற்கு அண்ண அறுவை என்று இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது. அறுவை தள்ளிப்போயிருந்தது. டாக்டரின் குறிப்பில் ஒரு வரி: 'அனுமதி கிடைக்காததால் தேதி மாற்றப்பட்டது, குடித்த பால் இன்னும் மூக்கு வழியாக வருகிறது.' அந்த வரியைப் படித்த இடம், எந்த நாற்காலி, ஜன்னலுக்கு எந்தப் பக்கம் என்பது வரை எனக்கு நினைவிருக்கிறது. என் டிஎல், அதாவது டீம் லீடர், திட்டவில்லை. பழைய ஆப் நோட்டைத் திரையில் திறந்து அந்த வரலாற்றுப் பத்தியின் மேல் கர்சரை வைத்து, "இதைப் படிச்சியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

சரியான கோடு கியூ37.5. வன்அண்ணம், மென்அண்ணம் இரண்டும் பிளந்து, கூடவே ஒரு பக்க உதட்டுப் பிளவு. இன்றைக்கு எதைத் தைத்தார்கள் என்பதைச் சொல்ல சிபிடி இருக்கிறது. குழந்தைக்கு என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதுதான் ஐசிடியின் வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் என் தப்பு.

சரி, அப்படியென்றால் கியூ36.9, கியூ35.5 இரண்டையும் போட்டால் எல்லாம் வந்துவிடுமே என்று கேட்கிறவர்கள் உண்டு. கூடாது. கியூ35-க்குக் கீழேயும் கியூ36-க்குக் கீழேயும் 'எக்ஸ்குளூட்ஸ் 1' என்று ஒரு குறிப்பு இருக்கும். இந்தக் கோடும் அந்தக் கோடும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வரக்கூடாது என்று அர்த்தம். இரண்டும் இருக்கிற குழந்தைக்கு கியூ37-லிருந்து ஒரே கோடு. இன்டெக்ஸில், அதாவது நோயின் பெயர் வரிசையில், தேடிக் கிடைத்த எண்ணை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் இந்தக் குறிப்பைப் பார்ப்பதே இல்லை. டேபுலரில், அதாவது எண் வரிசைப் பட்டியலில், அந்த எண்ணுக்குப் போய், அதற்கு மேலே தலைப்புக்கு அடியில் இருக்கிற குறிப்பு வரை ஏறிப் படிக்க வேண்டும். கியூ35 முதல் கியூ37 வரைக்கும் மேலே இன்னொரு குறிப்பும் இருக்கிறது: மூக்கிலும் பிறவிக் கோளாறு இருந்தால் கியூ30.2-ஐக் கூடுதலாகப் போடு என்று. உதட்டுப் பிளவுள்ள குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூக்குத் துவாரம் அந்தப் பக்கம் சப்பையாக இருக்கும். டாக்டர் அதை நோட்டில் எழுதியிருப்பார், நாம் விட்டுவிடுவோம்.

உதடு தைத்தாகிவிட்டது, அண்ணம் இன்னும் திறந்திருக்கிறது, அந்த நிலையில் வருகிற சார்ட்டுக்கு கியூ37 தொடர்வதா, கியூ35-க்கு மாறுவதா என்று எங்கள் தளத்திலேயே அரை நாள் வாதம் நடந்திருக்கிறது. கிளையண்டுக்கு கிளையண்ட் வழி வேறு. வாய்மொழியாக யாரும் சொல்வதை நம்பாதீர்கள். கிளையண்டிடம் கேட்டு, எழுத்தில் வாங்கி, டீம் முழுவதும் ஒரே மாதிரி போடுங்கள்.

அடுத்தது ஒரு பக்கமா, இரு பக்கமா. கியூ37.4 இரு பக்கம், கியூ37.5 ஒரு பக்கம். உதட்டுக்கு மட்டும் என்றால் கியூ36.0 இரு பக்கம், கியூ36.1 நடுவில், கியூ36.9 ஒரு பக்கம். இடமா வலமா என்று இந்தக் கோடுகள் கேட்பதில்லை, ஒன்றா இரண்டா என்றுதான் கேட்கும். சிபிடியிலும் அப்படியே: ஒரு பக்கம் 40700, இரு பக்கத்தையும் ஒரே தடவையில் செய்தால் 40701, இரண்டு கட்டமாகச் செய்வதில் ஒரு கட்டம் என்றால் 40702.

இதில் ஒரு சார்ட்டை மறக்க முடியாது. ஆப் நோட்டின் தலைப்பில் 'இடப்பக்க உதட்டுப் பிளவு' என்று இருந்தது. உள்ளே படிக்கப் படிக்க, மேலுதட்டின் நடுத்துண்டு தனியாக நிற்கிறது, அதன் வலது ஓரத்தில் குறித்தார்கள், இடது ஓரத்தில் குறித்தார்கள், இரண்டு பக்கத் தசையையும் இழுத்து நடுவில் சேர்த்தார்கள் என்று போகிறது. நடுத்துண்டு தனியாக நிற்கிறது என்றாலே இரண்டு பக்கமும் பிளந்திருக்கிறது என்று பொருள். தலைப்பு வேறு யாருடைய டெம்ப்ளேட்டிலிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இந்த இடத்தில் எனக்குத் தெரியும் என்று நானே இரு பக்கம் போட்டுவிட முடியாது. கோடர் நோயைத் தீர்மானிக்கக் கூடாது. டாக்டருக்கு கொயரி, அதாவது விளக்கம் கேட்டுக் கேள்வி, அனுப்பினேன். கொயரியிலும் 'இது இரு பக்கம்தானே?' என்று பதிலைக் கேள்விக்குள் வைத்து அனுப்பக் கூடாது. 'தலைப்பில் இப்படி இருக்கிறது, அறுவை விவரத்தில் இப்படி இருக்கிறது, தெளிவுபடுத்தவும்' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும். மறுநாள் திருத்திய நோட் வந்தது, இரு பக்கம் என்று. அந்தக் கிளெய்ம் அப்படியே போயிருந்தால் நோய் ஒரு பக்கம், அறுவை இரு பக்கம் என்று மோதித் திரும்பியிருக்கும்.

உதட்டோடு மூக்கையும் கொஞ்சம் சீர்செய்தார்கள் என்று இருந்தால் அதற்குத் தனி கோடு தேடாதீர்கள். 40700-இன் விளக்கத்திலேயே மூக்கின் கோணலும் சேர்ந்திருக்கிறது. வளர்ந்த பிறகு மூக்குக்கென்றே தனியாகச் செய்கிற அறுவைக்குத்தான் 30460, 30462. ஈறு இடைவெளியில் எலும்பு வைத்து மூடும் 42210-உம் இதே மாதிரிதான். பக்கத்து சீட்டில் இருந்த தம்பி ஒருவன் இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்ததற்குத் தனியாக ஒரு கோடு போட்டு, அது திரும்பி வந்து, அன்றைக்கு முழுக்க முகம் வாடிக் கிடந்தான். எலும்பு எடுப்பதும் அந்தக் கோடுக்குள் அடக்கம் என்று விளக்கத்தின் கடைசியில் எழுதியிருக்கிறது. விளக்கத்தைக் கடைசி வார்த்தை வரை படிக்கிற பழக்கம் வந்துவிட்டால் இந்த வேலையில் பாதிக் கஷ்டம் தீரும் என்பது என் அனுபவம்.

கியூ38 வேறு மாதிரி. அதன் தலைப்பிலேயே 'பிற' என்று இருக்கிறது. வேறு எங்கும் இடமில்லாதவை வந்து சேருமிடம். புதியவர்கள் அண்ணம் என்று தேடி கியூ38.5-இல் இறங்கிவிடுவார்கள், அதில் அண்ணம் என்று எழுதியிருப்பதால். அது கூரைபோல் உயர்ந்த அண்ணம் மாதிரியான மற்றவைக்கு. பிளவுக்கு அல்ல. இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உள்நாக்கு. உள்நாக்கே இல்லாமல் பிறந்தால் கியூ38.5. உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தால் கியூ35.7. வாய் அளவுக்கு மீறிப் பெரியது, சிறியது என்றால் கியூ38-க்குள் தேடிப் பயனில்லை, அவை முகம் கழுத்துக் கோளாறுகளோடு கியூ18.4, கியூ18.5 என்று போய் உட்கார்ந்திருக்கின்றன. நாக்குப் பெருத்திருந்தால் கியூ38.2, ஆனால் அது பிறவியில் வந்ததாக இருக்க வேண்டும்.

நாள்தோறும் வருவது கியூ38.1, நாக்கு ஒட்டு. நம் வீடுகளில் 'நாக்கு ஒட்டியிருக்கு, பேச்சு வராது' என்பார்களே, அதுதான். அங்கே குழந்தை பிறந்த முதல் வாரத்திலேயே தாய்ப்பால் பிடிக்க முடியவில்லை என்று வந்துவிடுகிறார்கள். இதற்கு மூன்று சிபிடி: நாக்குக்கு அடியில் இருக்கிற சவ்வை வெறுமனே வெட்டிவிட்டால் 41010, சவ்வையே அறுத்து எடுத்தால் 41115, தோலை இடம் மாற்றித் தைத்துச் சீரமைத்தால் 41520. இங்கே டாக்டர்கள் தலைப்பில் எழுதுகிற பெயரை நம்பி நான் மூன்று முறை எரர் வாங்கியிருக்கிறேன். தலைப்பில் சவ்வு நீக்கம் என்று இருக்கும். உள்ளே, நாக்கைத் தூக்கிப் பிடித்தார்கள், சவ்வைக் கத்தரியால் வெட்டினார்கள், பஞ்சால் அழுத்தினார்கள், குழந்தையை உடனே தாயிடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான் இருக்கும். எதையும் அறுத்து எடுக்கவில்லை, எனவே 41010. தலைப்பு 41115 என்று கத்தினாலும் உள்ளே நடந்ததற்குத்தான் கோடு. சில இன்சூரன்ஸ் திட்டங்கள் இதைப் பல் மருத்துவக் கணக்கில் கேட்கும். அங்கே 2021 முதல் பழைய டி7960 கிடையாது, உதடு கன்னச் சவ்வுக்கு டி7961, நாக்குச் சவ்வுக்கு டி7962 என்று பிரித்துவிட்டார்கள். பழைய ஷீட்டை வைத்துக்கொண்டு வேலை பார்த்த ஒரு டீம் அந்த ஜனவரியில் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஐசிடி அக்டோபர் 1-இல் மாறும், சிபிடி ஜனவரி 1-இல் மாறும். அந்த இரண்டு நாளிலும் உங்கள் சொந்தக் குறிப்புகளை எல்லாம் மறுபடி சரிபாருங்கள்.

நாக்கு ஒட்டு மட்டும் இருந்தால் போதாது, அதனால் என்ன தொந்தரவு என்றும் கோடில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அவசியமில்லாத சிகிச்சை என்று மறுத்துவிடுவார்கள். பிறந்த 28 நாளுக்குள் தாய்ப்பால் குடிப்பதில் சிரமம் என்றால் பி92.5. அதற்குப் பிறகு ஆரம்பித்த உணவுத் தொந்தரவு என்றால் ஆர்63.3 வரிசை, அதையும் 2021 அக்டோபரில் பிரித்துவிட்டார்கள், ஐந்தாவது இலக்கம் இல்லாமல் செல்லாது. குழந்தைக்கு அன்றைக்கு எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்துவிட்டுக் கோடைத் தொடுங்கள். தொந்தரவை டாக்டர் எழுதவில்லை என்றால் நாமாகச் சேர்க்கவும் கூடாது.

சரியாகிவிட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறவிக் கோளாறின் கோடு வயதோடு முடிவதில்லை. ஐம்பது வயதிலும் கோளாறு இருந்தால் போடலாம். ஆனால் முழுதாகச் சரிசெய்துவிட்டால் அது வரலாறு. அதற்கு இசட்87.730, சரிசெய்யப்பட்ட உதடு அண்ணப் பிளவின் பழைய வரலாறு. ஒரு முறை பத்தொன்பது வயதுப் பெண், டான்சில் அறுவைக்கு வந்தவர். பழைய நோய்ப் பட்டியலில் கியூ36.9 பிறந்ததிலிருந்து அழியாமல் கிடந்தது. பரிசோதனைக் குறிப்பில் 'நன்றாக ஆறிய உதட்டுத் தழும்பு' என்று இருந்தது. இசட்87.730 என்று மாற்றினேன். இன்சூரன்ஸ் தொகையில் அதனால் ஒரு பைசா மாறியிருக்காது. எனக்கு அன்று மனது நிறைந்திருந்தது. அண்ணம் தைத்த பிறகு மூக்கால் பேச்சு வருகிறது என்று வந்தால் அதற்கு ஆர்49.21. மென்அண்ணம் தொண்டையை மூடாமல் விடுவதுதான் காரணம் என்று டாக்டரே எழுதியிருந்தால், அது பிறவியிலேயே என்றால் கியூ38.8, பின்னால் வந்தது என்றால் கே13.79. எது என்று நோட்டில் இல்லையா, மறுபடி கொயரிதான்.

எங்கள் தளத்துக்குள் போன், பேனா, காகிதம் எதுவும் கொண்டுபோக முடியாது. அதனால் ஒவ்வொரு சார்ட்டுக்கும் நாலு விரலை மடக்கிக்கொள்வேன். உதடா? அண்ணமா, அதில் வன்னா மென்னா? ஒரு பக்கமா இரண்டா? இன்னும் இருக்கிறதா, தைத்தாகிவிட்டதா? நாலு விரலும் மடங்காமல் சார்ட்டை மூடமாட்டேன்.

போன வருடம் சித்தி மகனின் மனைவிக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். ஸ்கேன் எடுத்த டாக்டர் தம்பியின் தழும்பைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு உதடு மட்டுமா, அண்ணமும் பிளந்திருந்ததா?" என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. சித்தி டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து வந்தார். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, மை வெளுத்துப்போன காகிதம். 'உதட்டுப் பிளவு, சரிசெய்யப்பட்டது.' அவ்வளவுதான். எந்தப் பக்கம் என்றில்லை, அண்ணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கைக்குழந்தையா இருந்தப்போ பால் மூக்கு வழியா வந்துச்சா சித்தி?"

"இல்லையே பாப்பா. சங்குலதான் குடுத்தேன். ஆனா மூக்குல வந்ததே இல்ல."

தம்பியைத் திண்ணையில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மேலே வரிவரியாக முழு அண்ணம், தையல் தழும்பு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னால் உள்நாக்கு ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மேலுதட்டில் தழும்பு இடப்பக்கம் ஒன்று மட்டும். நான் டாக்டர் இல்லை, அதனால் அவனையும் கூட்டிக்கொண்டே அடுத்த முறை போகச் சொன்னேன். அந்த ஸ்கேன் டாக்டரும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மனைவியின் கோப்பில் எழுதியிருக்கிறார்: 'தந்தைக்கு இடப்பக்க உதட்டுப் பிளவு, சிறுவயதில் சரிசெய்யப்பட்டது. அண்ணம் இயல்பு.' அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான்.